கும்பிட வேண்டா, கூட்டிப் பாருங்கள்

ஆண்டுதோறும் டிசம்பர் 22 நெருங்கும்போது 1729 என்னும் எண் மேடையேறிவிடுகிறது. 2012 முதல் அந்நாள் தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுவதால் மேடைகளும் பெருகிவிட்டன. கதை எல்லார்க்கும் தெரிந்ததுதான். இலண்டனின் புட்னிப் பகுதியில் நோயுற்றுப் படுத்திருந்த இராமானுஜனைக் காணப் பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் வருகிறார். வந்த வண்டியின் எண் 1729. அது சுவையற்ற எண்ணாகத் தெரிகிறது என்கிறார். அப்படியில்லை, மிகச் சுவையான எண், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகைகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்கிறார் இராமானுஜன். கைதட்டல். பேச்சாளர் நாமகிரித் தாயாரின் அருளைக் கூறிக் கைகூப்புகிறார்; அவையும் கைகூப்புகிறது. அடுத்து நன்றியுரை.

இந்தக் கைகூப்பலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். கதை பொய்யென்று சொல்லவில்லை. கதை பாதியில் நிறுத்தப்படுகிறது என்பதும், எந்த இடத்தில் கணிதம் தொடங்குகிறதோ சரியாக அந்த இடத்தில் நிறுத்தப்படுகிறது என்பதுமே என் வழக்கு.

தமிழ் கற்பிக்கிறவனுக்கு எண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் கணிதம் கற்றவனல்லன். ஆனால் இங்கே நிகழ்ந்திருப்பது முதன்மையாக ஒரு பாடச் சிதைவு. மூலத்தையும் வழக்கிலிருக்கும் பாடத்தையும் அருகருகே வைத்து, எது விடுபட்டது, எது இடைச்செருகல் என்று பார்ப்பது எங்கள் தொழில். அந்த முறையை 1729க்கும் பொருத்திப் பார்ப்போம்.

மூலம் நம்மிடம் இருக்கிறது. இராமானுஜன் மறைந்தது 1920 ஏப்ரல் 26. அடுத்த ஆண்டு ஹார்டி எழுதிய நினைவுக் கட்டுரையில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது. அதனை நம் மேடைப் பாடத்தோடு ஒப்பிட்டால் மூன்று செய்திகள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, உய்த்துணர விட்டதைச் சொல்லாமல் விடுதல். ‘இரண்டு கனங்கள்’ என்றால் மிகை முழு எண்களின் கனங்கள் என்பது ஹார்டிக்கும் இராமானுஜனுக்கும் சொல்லாமலே விளங்கும். மேடையிலிருந்து மாணவர்க்குச் சொல்லும்போது அந்தச் சொல் இல்லாமல் கூற்றே பிழையாகிவிடும். குறை எண்களையும் ஏற்றுக்கொண்டால் 91 போதுமே! 3³ + 4³ = 27 + 64 = 91. 6³ + (−5)³ = 216 − 125 = 91. 1729ஐவிட மிகச் சிறிய எண். வேடிக்கை என்னவென்றால், அந்த 91ஐப் பத்தொன்பதால் பெருக்கினால் வருவது 1729. இதையெல்லாம் மாணவர் யாரேனும் எழுந்து கேட்டால் விடை சொல்ல அந்த மேடையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இரண்டாவது, விடுபட்ட பகுதி. ஹார்டியின் கட்டுரையில் உரையாடல் அங்கே முடியவில்லை. அவர் மேலும் ஒன்று கேட்கிறார்: நான்காம் படிகளுக்கு இதே போன்ற எண் எது? இராமானுஜன் சற்றே எண்ணிப் பார்க்கிறார். எளிதில் புலப்படும் எடுத்துக்காட்டு எதுவும் தமக்குத் தெரியவில்லை, அத்தகைய முதல் எண் மிகப் பெரியதாக இருக்கவேண்டும் என்கிறார். அவர் சொன்னது சரி. அந்த எண் 635318657. 59⁴ + 158⁴ என்றும் 133⁴ + 134⁴ என்றும் அதனை எழுதலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் அறிந்திருந்த எண் அது.

இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறோம்? இதில் மாமேதை ஒருவர் ‘தெரியவில்லை’ என்கிறார். அற்புதக் கதையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், முழு உரையாடலிலும் ஒரு மாணவன் கற்கவேண்டிய இடம் இதுதான். தெரியாததைத் தெரியாது என்கிறார். அதோடு நில்லாமல், விடை எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார். அருள்வாக்குக் கேட்டுச் சொல்பவர் அப்படிப் பேசமாட்டார். நெடுநாள் கணக்குப் போட்டுப் பழகியவரே அப்படிப் பேசுவார்.

மூன்றாவது, இடைச்செருகல். ‘உலகில் எவருமே அறியாத உண்மையை நொடியில் கண்டு சொன்னார்’ என்பது மேடைப் பாடம். மூலத்தில் இது இல்லை. 1729இன் இப்பண்பைப் பிரெஞ்சுக் கணிதர் ஃபிரெனிக்ல் 1657இலேயே கண்டிருந்தார். சரி, அது இராமானுஜனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘நொடியில்’ என்ற சொல் நிற்காது. காரணத்தை அவரே அச்சில் விட்டுச் சென்றிருக்கிறார்.

1913ஆம் ஆண்டு, அதாவது அவர் கப்பலேறுவதற்கு முந்தைய ஆண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்க்கு ஒரு வினா விடுத்தார். கீழ்வரும் சமன்பாட்டை நிறுவுக, இதுபோன்ற பிறவற்றையும் காண்க என்பது வினா:

(3க² + 5கச − 5ச²)³ + (4க² − 4கச + 6ச²)³ + (5க² − 5கச − 3ச²)³ = (6க² − 4கச + 4ச²)³

பார்த்த மாத்திரத்தில் அஞ்ச வேண்டா. ‘க’வுக்கு 1, ‘ச’வுக்கு 0 என்று கொடுங்கள். 3³ + 4³ + 5³ = 6³ என்று வரும். 27, 64, 125 ஆகியவற்றைக் கூட்டினால் 216, சரிதானே? இனி ‘க’வுக்கு 1, ‘ச’வுக்கு −2 என்று கொடுத்துப் பாருங்கள். (−27)³ + 36³ + 3³ = 30³ என்று வரும். எல்லாவற்றையும் மூன்றால் வகுத்தால் (−9)³ + 12³ + 1³ = 10³. ஒன்பதை மறுபக்கம் கொண்டுசென்றால்:

12³ + 1³ = 9³ + 10³

இருபக்கமும் 1729. வாடகைக் கார் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்தின் மண்ணை மிதிப்பதற்கும் முன்பே, அந்த எண் அவர் வினாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. புட்னியில் நடந்தது பழைய நண்பனைத் தெருவில் கண்டு அடையாளம் சொன்ன செயல். வானத்திலிருந்து இறங்கிய செய்தி அன்று.

நண்பன் என்ற சொல்லை நான் காரணத்தோடுதான் ஆள்கிறேன். ஒவ்வொரு முழு எண்ணும் இராமானுஜனின் தனிப்பட்ட நண்பன் என்ற பொருளில் லிட்டில்வுட் கூறியதாக ஹார்டி குறிப்பிட்டிருக்கிறார். அதையும் மேடையில் மந்திரமாக்கிவிட்டோம். நட்பு எப்படி உண்டாகிறது என்பதை உலகத்துக்கு நாம் சொல்லித்தந்தவர்கள் ஆயிற்றே! திருக்குறள் நட்பு என்றோர் அதிகாரம் வைத்ததோடு அமையாமல், நட்பாராய்தல், பழைமை என்று அடுத்தடுத்து அதிகாரங்கள் வைத்தது. ஆராய்ந்து கொள்வதும், பழகிப் பழகி உரிமை பெறுவதும் அன்றோ நட்பு? எண்ணோடு நட்பென்றால் எண்ணோடு பழகியிருக்கிறார் என்பதே பொருள். பழகிய நாள்களைக் கணக்கில் எடுக்காமல் நட்பை மட்டும் வியந்து என்ன பயன்?

அந்த நாள்கள் நம் கண்ணுக்குத் தெரியாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. தாள் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். ஆகவே குறிப்பேடுகளில் முடிவுகள் வரிசையாக நிற்கின்றன, வழிகள் இல்லை. வழி அழிந்துபோனதால் வழியே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். வறுமை அழித்ததை அற்புதம் என்று பெயர் சூட்டிப் போற்றுகிறோம். இதைவிடக் கொடிய பாராட்டு வேறு உண்டா?

நாமகிரித் தாயாரைப் பற்றி ஒரு சொல். அன்னையே தமக்கு உணர்த்துவதாக இராமானுஜன் நம்பினார். வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். அந்த நம்பிக்கை அவருடையது. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அன்னையை நம்பியவர் பலகையைக் கீழே வைத்துவிடவில்லை என்பதை மறக்கக்கூடாது. பிழையும் செய்தார்: பகா எண்களின் எண்ணிக்கை பற்றி 1913இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கூற்று சரியானதன்று. பிழை கண்டபோது கற்றார், திருத்தினார், நிறுவல் முறைகளைப் பயின்றார். பக்தரை மதிப்பவர்கள் அவருடைய உழைப்பையும் சேர்த்து மதிக்கட்டும்.

இனி, மற்றொரு கூட்டத்தாரைச் சொல்லவேண்டும். பெயரில் ஓரெழுத்தைக் கூட்டினால் வாழ்வு உயரும் என்று சொல்லிக் காசு பார்க்கும் எண்கணிதச் சோதிடர்கள் 1729ஐயும் விட்டுவைக்கவில்லை. 1 + 7 + 2 + 9 = 19; 1 + 9 = 10; 1 + 0 = 1; ஒன்று சூரியனுக்குரியது; ஆகவே இது இராஜ எண் என்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எண்ணின் பண்பு வேறு. எண்ணை எழுதும் முறையின் பண்பு வேறு. 1729 இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் அமைவது எண்ணின் பண்பு. அதனைத் தமிழ் எண்களில் ௲௭௱௨௰௯ என்று எழுதினாலும், உரோமானிய முறையில் எழுதினாலும், கூழாங்கற்களாகத் தரையில் குவித்தாலும் அது மாறாது. இலக்கங்களைக் கூட்டுவதோ நாம் பத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதுவதால் மட்டுமே விளைவது. பன்னிரண்டை அடிப்படையாக வைத்து எழுதினால் 1729 என்பது 1001 ஆகும். ஏனெனில் அது பன்னிரண்டின் கனத்தோடு ஒன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டு. சூரியன் போய்ச் சந்திரன் வந்துவிட்டார்! எழுதும் முறையை மாற்றினால் கிரகம் மாறுகிறது என்றால் அந்தச் சோதிடம் எழுத்தைப் பற்றியதே தவிர எண்ணைப் பற்றியதன்று.

எழுத்துமுறையைச் சார்ந்த பண்பிலும் இன்பம் காணலாம், தடையில்லை. 1729இன் இலக்கங்களைக் கூட்டினால் 19; அதைத் திருப்பி எழுதினால் 91; இரண்டையும் பெருக்கினால் 19 × 91 = 1729. அழகான விளையாட்டு. விளையாட்டை விளையாட்டென்று சொன்னால் போதும். அதில் ஒருவர் தலையெழுத்தை ஏற்றவேண்டா.

இந்த ஆரவாரங்களுக்கு நடுவே எண்ணின் உண்மையான வளம் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஹார்டி தம் கட்டுரையில் 1729 என்பது 7 × 13 × 19 என்று குறித்திருக்கிறார். சுவையற்றது என்று அவர் நினைத்த அந்தக் காரணிகளிலேயே ஒரு சுவை ஒளிந்திருக்கிறது.

பகா எண்களுக்கு ஃபெர்மா கண்ட ஒரு பண்பு உண்டு. ஓர் எண்ணைப் பகா எண் தடவை தன்னாலேயே பெருக்கி, விடையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், மிஞ்சுவது அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். எடுத்துக்காட்டாக, 2⁵ − 2 = 30; ஐந்தால் வகுபடுகிறது. ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்க இதைப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். ஆனால் 1729 பகா எண் அன்று. இருந்தும் எந்த முழு எண்ணைக் கொடுத்துச் சோதித்தாலும் தேறிவிடுகிறது! காரணம் அதன் காரணிகள். 7, 13, 19 ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று குறைத்தால் 6, 12, 18. 1729இலிருந்து ஒன்று குறைத்தால் 1728. அது 6, 12, 18 மூன்றாலும் மீதியின்றி வகுபடுகிறது. காரணிகளும் ஒருமுறைக்கு மேல் வரவில்லை. இந்த இரண்டும் அமைந்தால் போதும் என்ற விதியை 1899இல் கோர்செல்ட் கூறினார். 1910இல் இவற்றை ஆராய்ந்த கார்மைக்கேலின் பெயரால் இவ்வகை எண்கள் இன்று வழங்குகின்றன. 561, 1105, 1729 என்பன முதல் மூன்று. இத்தகைய எண்கள் முடிவின்றி உள்ளன என்பது 1994இல்தான் நிறுவப்பட்டது. மறையாக்கத்துக்குப் பெரிய பகா எண்கள் தேவைப்படும் இக்காலத்தில், பகா எண் வேடமிட்டு வரும் இவற்றை அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கன்று.

கனங்களின் பக்கம் திரும்பினால் அங்கும் முடிவில்லை. இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் மற்றொரு முழு எண்ணின் கனம் வராது. இது ஃபெர்மாவின் புகழ்பெற்ற கூற்றின் ஒரு பகுதி. 9³ + 10³ என்பது 12³ ஆக முயன்று ஒன்றே ஒன்றால் தவறுகிறது. இத்தகைய நூலிழைத் தவறல்கள் இராமானுஜனை ஈர்த்தன. ‘தொலைந்த குறிப்பேடு’ என்ற பெயரில் 1988இல் நிழற்படி நூலாக வந்த தாள்களுள் ஒன்றில் இவற்றை வரிசையாக எழுதியிருக்கிறார்: 6³ + 8³ = 9³ − 1; 135³ + 138³ = 172³ − 1; 791³ + 812³ = 1010³ − 1. நம் 1729உம் அவ்வரிசையில் நிற்கிறது. இத்தகையவற்றை முடிவின்றிப் பிறப்பிக்கும் ஒரு வழியையும் அதே தாளில் தந்திருக்கிறார். அந்தச் சில வரிகளுக்குள், பிற்காலத்தில் கே-3 பரப்புகள் என்று பெயர்பெற்ற வடிவங்களுள் ஒன்று பொதிந்திருப்பதை கென் ஓனோவும் சாரா ட்ரெபாட்-லெடரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எடுத்துக்காட்டினர். எண்ணைக் கும்பிட்டு நின்றிருந்தால் இது கிடைத்திருக்குமா? தாளைத் திறந்து கணக்கைப் பின்தொடர்ந்தவர்க்குக் கிடைத்தது.

மூன்று வகைகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் 87539319 என்று 1957இல் லீச் கண்டார். ஆறு வகைகளுக்குரிய எண் இருபத்துமூன்று இலக்கங்கள் கொண்டது, 2008இல்தான் உறுதிசெய்யப்பட்டது. ஏழு வகைகளுக்குரிய மிகச் சிறிய எண் எதுவென்று இன்னும் நிறுவப்படவில்லை. வாடகைக் காரில் தொடங்கிய கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாமோ முதல் தெருமுனையிலேயே இறங்கிக் கைகூப்பி நிற்கிறோம்.

‘இப்படியெல்லாம் பிரித்துப் பார்த்தால் மேதையின் பெருமை குறையாதா?’ என்று கேட்பாருண்டு. சங்கப் பாட்டுக்குத் திணையும் துறையும் கண்டு, அணி பிரித்து, சொல்லுக்குப் பொருள் சொன்னால் பாட்டின் அழகு குறைந்துவிடுகிறதா? உரையாசிரியர்கள் ஆயிரம் ஆண்டாக அதைத்தானே செய்தார்கள்? உரை எழுதத் தக்கது எதுவோ அதுவே பெரிய நூல். இராமானுஜனின் வினா ஒன்றில் க, ச என்ற இரண்டு எழுத்துகளுக்குள் 1729 அடங்கியிருப்பதைக் கண்ட பிறகு அவர் எனக்கு முன்னைவிடப் பெரியவராகவே தெரிகிறார். என்ன வேறுபாடென்றால், இப்போது அவர் எட்டாத உயரத்தில் இல்லை; ஏறத்தக்க மலையாக நிற்கிறார்.

இதில் இழப்பு யாருக்கு என்பதுதான் என் கவலை. தமிழிலக்கியம் படிக்க வருகிற மாணவர்களிடம் ஏன் இந்தப் பாடத்தைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தமிழின்மேல் காதல் என்பார் சிலர். பலர் தயங்காமல் சொல்லும் விடை: “கணக்கு வராது ஐயா.” குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். ‘வராது’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சாமி வரும், சிலர்க்கு வராது என்று சொல்வதைப் போலவே கணக்கையும் சொல்கிறார்கள். எவரோ ஒருவர் மேல் இறங்கும், தம் மேல் இறங்கவில்லை, ஆகவே தம் பங்கு அதில் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியது யார்? ஆண்டுதோறும் 1729ஐச் சொல்லிக் கைகூப்பும் நாமும்தான்.

அதே தமிழில் மற்றொரு வழக்கும் இருக்கிறது: கணக்குப் போடுதல். கோலம் போடுவது போல, பாத்தி போடுவது போல, கையால் செய்து முடிப்பது. குழிமாற்றும் எண்சுவடியும் உருப்போட்ட திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்கு வருமா வராதா என்று காத்திருக்கவில்லை, போட்டான். வருவது என்ற வினையை விட்டுப் போடுவது என்ற வினைக்கு நம் பிள்ளைகளைத் திருப்பினால் போதும். கணித நாள் பயனுள்ள நாளாகிவிடும்.

அதற்கு மேடையும் பொன்னாடையும் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஒன்றிலிருந்து பதினொன்று வரையிலான எண்களின் கனங்களை எழுதச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331. 1729க்குக் குறைவான தொகையைத் தேடும்போது பன்னிரண்டின் கனம் தேவையில்லை. 1728உடன் மிகச் சிறிய கனமாகிய ஒன்றைச் சேர்த்தாலே 1729 ஆகிவிடும். இந்தப் பதினொன்றை இரண்டிரண்டாகக் கூட்டினால், ஒரே கனத்தைத் தன்னோடு கூட்டுவதையும் சேர்த்து, 66 தொகைகள். அவற்றுள் 1729ஐவிடக் குறைந்தவை 60. அந்த அறுபதில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை என்று பார்த்துவிட்டால், 1729க்குக் கீழே அத்தகைய எண் இல்லை என்பதை அந்த மாணவன் தானே நிறுவிவிட்டான்.

ஒரு பாடவேளைகூட ஆகாது. அடுத்த டிசம்பரில் மேடையேறும் பெரியவர்கள் தம் உரையில் பாதியைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவையோரிடம் ஆளுக்கொரு தாள் கொடுக்கட்டும்.